குடை நிழல் – 9: பாலத்தருகே ஒரு பாப்லர் மரம்

முதலில் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு வடகொரியர் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டார். அமெரிக்கக் கேப்டன் ஆர்தர் போனிஃபாஸ் இது எதையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொழிலாளர்கள் கிளை கழிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1976 ஆகஸ்ட் 18, காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். இடம் பன்முன்ஜோம். இரு தரப்புக் காவலர்களும் குறுக்கே கோடில்லாமல் கலந்து நடமாடிய ஒரே இடம் அன்றைக்கு அதுதான்.

வெட்டப்போனது ஒரு பாப்லர் மரம். ஐ.நா. படையின் மூன்றாம் எண் சோதனைச்சாவடி, 'திரும்பாப் பாலம்' என்று பேர்பெற்ற பாலத்தின் முனையில் இருந்தது. 1953இல் போர்க்கைதிகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று முடிவெடுத்து, திரும்பிப் பார்க்காமல் கடந்த பாலம் அது. கோடையில் மரம் தழைத்துவிட்டால், மேட்டில் இருந்த காவல்நிலையிலிருந்து அந்தச் சாவடி கண்ணில் படாது. அங்கே ஒரு வீரனுக்கு ஏதாவது நேர்ந்தாலும் தெரியாது. அதற்காகத்தான் ஐந்து கொரியத் தொழிலாளர்களைக் கோடாரியோடு அனுப்பினார்கள். மரத்தைச் சாய்க்க வேண்டாம், கிளையை மட்டும் கழித்தால் போதும் என்பது உத்தரவு.

வடகொரிய லெப்டினன்ட் பாக் சோல் வந்து தடுத்தார். இது தலைவர் கிம் இல் சுங் தன் கையால் நட்டு வளர்த்த மரம், தொடக் கூடாது என்றார். போனிஃபாஸ் வேலையை நிறுத்தவில்லை. பாக் ஆள் அனுப்பினார். லாரியில் இன்னும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அப்போதுதான் கடிகாரம் பைக்குள் போனது. அடுத்து, "கொல்லுங்கள்" என்ற குரல். தொழிலாளர்கள் போட்டுவிட்டு ஓடிய கோடாரிகளையே எடுத்து வெட்டினார்கள். அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனிஃபாஸ் அங்கேயே இறந்தார். லெப்டினன்ட் மார்க் பாரெட் சாலைக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் குற்றுயிராகக் கிடந்ததை வெகுநேரம் கழித்தே கண்டார்கள், அவரும் பிழைக்கவில்லை. போனிஃபாஸ் ஊர் திரும்ப இன்னும் மூன்றே நாள் பாக்கி இருந்தது.

அதே மூன்று நாளில், அந்த மரத்தை முன்னிட்டு, அணுகுண்டு சுமக்கக்கூடிய பி-52 விமானங்கள் குவாம் தீவிலிருந்து கொரிய வானத்துக்கு வந்தன. ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். அதற்கு பதில் சொல்ல எட்டு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு நினைவூட்டல். 1953 அக்டோபர் 1இல் வாஷிங்டனில் அமெரிக்காவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் மூன்றாம் பிரிவை மறக்க வேண்டாம். ஆபத்து வந்தால் இரு நாடுகளும் "தத்தம் அரசியல் சட்ட நடைமுறைப்படி" செயல்படும் என்றுதான் அது சொல்கிறது. ஒருவர் மேல் விழுந்த அடி எல்லார் மேலும் விழுந்த அடி என்ற நேட்டோ வாசகம் அதில் கிடையாது. நாளைக்குத் தாக்குதல் நடந்தால் அமெரிக்க ஜனாதிபதி யோசிக்கலாம், செனட்டைக் கேட்கலாம், தாமதிக்கலாம். எல்லைக்கோட்டிலிருந்து சியோல் ஐம்பது கிலோமீட்டர்தான். தாமதிக்க அங்கே நேரம் ஏது?

ஆகவே சியோல் நம்பியது காகிதத்தை அல்ல, ஆட்களை. எல்லைக்கும் தலைநகருக்கும் நடுவே, டாங்கிகள் இறங்கி வரக்கூடிய பள்ளத்தாக்குப் பாதையில், அமெரிக்காவின் இரண்டாம் காலாட்படை டிவிஷன் முகாமிட்டிருந்தது. வடக்கு இறங்கினால் முதல் நாளே அமெரிக்கப் பிள்ளைகள் சாவார்கள். அதன் பிறகு வாஷிங்டன் ஒதுங்கி நிற்க முடியாது. ராணுவத்தில் இதை 'டிரிப் வயர்' என்பார்கள். கால் பட்டால் வெடிக்கும் கம்பி. அந்தக் கம்பியாக நின்றவர்கள் இருபது வயதுப் பையன்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான கொரியர்கள் இரவில் கண்மூடியது அவர்களை நம்பித்தான்.

அவர்களுக்குப் பின்னால் குண்டுகளும் இருந்தன. 1958 ஜனவரியில் ஹானஸ்ட் ஜான் ராக்கெட்டுகளும், அணுகுண்டு வீசும் 280 மில்லிமீட்டர் பீரங்கிகளும் தென்கொரியாவுக்கு வந்தன. 1967 வாக்கில் அங்கே இருந்த அமெரிக்க அணு ஆயுதங்கள் சுமார் 950. சாவி அமெரிக்கர் கையில். இந்தக் காவலைத்தான் 'அணுக்குடை' என்றார்கள். வெண்கொற்றக்குடையை அறிந்த நமக்கு அந்த உவமை சட்டென்று பிடிபடும். குடை பிடிக்கிறவன் நகர்ந்தால் நிழலும் நகரும். நிழலில் நிற்பவன் எந்நேரமும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பார்க் சுங் ஹீ அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 1961இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தவர், இரும்புக்கரம் கொண்டவர். 1968 ஜனவரி 21 இரவு, அவர் தலையை எடுக்க வடக்கிலிருந்து 31 பேர் கொண்ட கமாண்டோ குழு, தென்கொரிய ராணுவச் சீருடையில், ஜனாதிபதி இல்லமான நீல மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தொலைவு வரை வந்துவிட்டது. இரண்டே நாள் கழித்து, அமெரிக்க உளவுக் கப்பல் பியூப்லோவை வடகொரியா மடக்கிப் பிடித்தது. பார்க் பதிலடி வேண்டும் என்று கொதித்தார். அமெரிக்காவோ தன் மாலுமிகளை மீட்பதற்காக, தென்கொரியாவை வெளியே நிறுத்திவிட்டு, பன்முன்ஜோமில் வடக்கோடு உட்கார்ந்து பேசியது. பதினொரு மாதம் கழித்து 82 மாலுமிகள் அதே திரும்பாப் பாலத்தில் நடந்து வந்தார்கள். மாளிகை வாசலில் நடந்த கொலை முயற்சிக்கோ வடக்கு எந்த விலையும் கொடுக்கவில்லை.

அப்போது ஏறக்குறைய 50,000 தென்கொரிய வீரர்கள் வியட்நாமில் அமெரிக்காவுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேதனையைப் பார்க் கடைசிவரை மறக்கவில்லை. வாஷிங்டன் சமாதானமாகப் பத்துக் கோடி டாலர் ராணுவ உதவி கொடுத்தது. இரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் ஆண்டுதோறும் கூடுவது என்ற வழக்கமும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. இன்றுவரை நடக்கிறது.

1969 ஜூலையில் நிக்சன் குவாமில் நின்றுகொண்டு, ஆசிய நாடுகள் இனி தங்கள் பாதுகாப்பைத் தாங்களே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். 1971இல் ஏழாம் காலாட்படை டிவிஷன் மூட்டை கட்டியது. சுமார் 20,000 வீரர்கள் ஒரே வீச்சில் போனார்கள். பார்க்கிடம் கலந்து பேசவில்லை, முடிவெடுத்துவிட்டுச் சொன்னார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று நம்மூரில் சொல்வதைக் கொரிய ஜனாதிபதி தன் அனுபவத்தில் கண்டுகொண்டார்.

அவர் எடுத்த முடிவு ரகசியமானது. 1970 ஆகஸ்டில் பாதுகாப்பு மேம்பாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். துப்பாக்கி, பீரங்கி செய்யும் வேலை வெளிப்படையாக நடந்தது. உள்ளே ஒரு சிறு குழு அணுகுண்டுக்கு வழி தேடியது. நீல மாளிகையில் பார்க்கின் நம்பிக்கைக்குரிய செயலாளர் ஓ வொன் சோல் அதைக் கவனித்துக்கொண்டார். எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையைப் பிரான்ஸிடம் கேட்டார்கள். ஆராய்ச்சி உலை ஒன்றைக் கனடாவிடம் கேட்டார்கள்.

இங்கே நம் நாடு கதைக்குள் வருகிறது. 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா சோதனை நடத்தியது. அதற்கான புளூட்டோனியம் டிராம்பேயில் கனடா உதவியோடு கட்டிய சைரஸ் உலையிலிருந்து வந்தது. ஒட்டாவாவும் வாஷிங்டனும் அதிர்ந்தன. அமைதிக்கென்று கொடுத்த உலையிலிருந்து குண்டு பிறக்கும் என்றால், உலை கேட்கும் ஒவ்வொருவரையும் இனி சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்ற நிலை. கனடா ஆராய்ச்சி உலையைத் தரவில்லை. அமெரிக்க உளவுத் துறை சியோலின் கொள்முதல் பட்டியலைத் தோண்டித் துருவிப் பார்த்தபோது, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் விழுந்தது. ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டு வெளியேறிய அமெரிக்கர்களை உலகமே பார்த்தது. யாருக்காக 50,000 பேரை அனுப்பினாரோ, அவர்கள் அங்கிருந்து போன விதத்தைப் பார்க்கும் பார்த்தார். ஆறே வாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். அணுக்குடை விலக்கப்பட்டால் தென்கொரியா தன்னைக் காத்துக்கொள்ள அணு ஆயுதம் உட்பட எதையும் செய்யும் என்பது அதன் சாரம். அதே ஏப்ரலில்தான் அவரது நாடு அணுப் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்திருந்தது.

இந்தப் பேட்டியைப் படிக்கும்போது எனக்கு 2023 நினைவுக்கு வருகிறது. அந்த ஜனவரியில் ஜனாதிபதி யூன் சுக் யோல், நிலைமை மோசமானால் நாமே அணு ஆயுதம் செய்யலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். இப்போது வடக்கிடம் நிஜமாகவே குண்டு இருந்தது. அமெரிக்காவை எட்டும் ஏவுகணையும் இருந்தது. சியோலைக் காக்க அமெரிக்கா தன் நகரம் ஒன்றைப் பலி கொடுக்குமா என்ற கேள்வியைக் கொரியர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். 1961இல் டி கால் பாரிஸுக்காகக் கென்னடியிடம் கேட்ட அதே கேள்வி. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 26இல், வாஷிங்டன் பிரகடனம் வந்தது. அணு ஆயுதப் பயன்பாடு பற்றிய திட்டமிடலில் தென்கொரியாவுக்கும் இடம் தரும் ஆலோசனைக் குழு அமைந்தது. ஜூலையில் அந்தக் குழு சியோலில் முதல்முறை கூடிய அதே நாளில், கென்டக்கி என்ற அணு ஏவுகணை நீர்மூழ்கி பூசான் துறைமுகத்தில் வந்து நின்றது. 1981க்குப் பிறகு அப்படிப்பட்ட கப்பல் அங்கே வந்தது அதுவே முதல்முறை. ஒளிந்திருப்பதற்கென்றே கட்டிய கப்பலை எல்லாரும் பார்க்கட்டும் என்று கரையில் நிறுத்தினார்கள். எதிரி பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். நண்பன் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ராணுவக் கூட்டணி ஒன்றின் முதல் வேலை எதிரியை அச்சுறுத்துவது என்றே நாம் எண்ணுகிறோம். கொரியாவின் கதையோ, நண்பனின் சந்தேகத்தைத் தீர்ப்பது அதைவிடக் கடினம் என்று காட்டுகிறது. சந்தேகம் தீராத நண்பன் தன் குண்டைத் தானே செய்யப் புறப்பட்டுவிடுகிறான்.

பார்க்கைத் தடுத்தது கெஞ்சலும் மிரட்டலும் கலந்த நெருக்கடி. 1975 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லெசிஞ்சர் சியோலுக்கு வந்து உறுதிமொழி கொடுத்தார். தூதர் ரிச்சர்ட் ஸ்னைடர் வேறு பாஷையில் பேசினார்: இந்த ஆலை வேண்டுமா, அமெரிக்க உறவு வேண்டுமா? கோரி அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக்கான கடன் பேச்சும் அதோடு முடிச்சுப் போடப்பட்டது. 1976 ஜனவரியில் பிரெஞ்சு ஒப்பந்தத்தைப் பார்க் கைவிட்டார். குண்டை விட்டுக்கொடுத்தவருக்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு வாக்குறுதி. அது சோதிக்கப்பட ஏழு மாதம் ஆனது. சோதனை வந்த இடம் பாலத்தருகே நின்ற அந்தப் பாப்லர் மரம்.

இனி ஆகஸ்ட் 21, சனிக்கிழமை காலை ஏழு மணி.

அமெரிக்கக் கதைகளில் வரும் ராட்சத மரவெட்டியின் பெயரை நடவடிக்கைக்கு வைத்திருந்தார்கள்: பால் பன்யன். படைத்தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் ஸ்டில்வெல். 23 வாகனங்கள் முன்னறிவிப்பில்லாமல் பன்முன்ஜோமுக்குள் நுழைந்தன. பொறியாளர்கள் இறங்கி நேராக மரத்துக்குப் போய் இயந்திர ரம்பத்தை முடுக்கினார்கள். சுற்றி நின்ற அமெரிக்கக் காவலர்களிடம் கைத்துப்பாக்கியும் கோடாரிக் காம்பும். கூடவே 64 தென்கொரியச் சிறப்புப் படையினர், டேக்வாண்டோ தேர்ந்தவர்கள். அவர்கள் துப்பாக்கி இல்லாமல் வர வேண்டும் என்பது ஏற்பாடு. லாரியிலிருந்து இறங்கிய பிறகு, ஒளித்து வந்த எம்-16 துப்பாக்கிகளை வெளியே எடுத்தார்கள். சிலர் மார்பில் கிளேமோர் கண்ணிவெடியைக் கட்டியிருந்தார்கள். வெடிக்கும் விசை கையில். பாலத்தைப் பார்த்து, வா என்று கத்தினார்கள்.

அந்தப் பக்கம் பஸ்களில் வந்து இறங்கிய 150, 200 வடகொரியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். இந்தப் பக்க வானத்தில் ஹெலிகாப்டர்கள் வரிசைகட்டி நின்றன. அவற்றுக்கும் மேலே பி-52 விமானங்கள், போர் விமானங்களின் துணையோடு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து எஃப்-111 விமானங்கள் வந்து இறங்கியிருந்தன. ஜப்பானிலிருந்து மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிளம்பியிருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான மூன் ஜே இன் அப்போது சிறப்புப் படையில் 23 வயதுச் சிப்பாய். அவருடைய பிரிவும் அந்த நடவடிக்கையில் இருந்தது.

ரம்பத்தின் இரைச்சல் முக்கால் மணி நேரத்துக்குள் ஓய்ந்தது. கிளைகள் எல்லாம் கீழே. அடிமரத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். ஒரு தோட்டாவும் பாயவில்லை. மார்பில் வெடியைக் கட்டியிருந்த அந்தப் பையன்களில் ஒருவன் விரல் நடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றே கிம் இல் சுங்கிடமிருந்து, நடந்தது வருந்தத்தக்கது என்று செய்தி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ஆனால் அவர் வருத்தம் தெரிவித்ததே அதுவரை யாரும் கேட்டிராத விஷயம். செப்டம்பரில் பன்முன்ஜோம் நடுவே கோடு விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக் காவலர் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கம்.

1968இல் கிடைக்காத பதில் பார்க்குக்கு இப்போது கிடைத்தது. அதே ஆண்டு டீம் ஸ்பிரிட் என்ற பெரிய கூட்டுப் பயிற்சியும் தொடங்கியிருந்தது. இத்தோடு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதத்தில் ஜிம்மி கார்ட்டர் தேர்தலில் ஜெயித்தார்.

தரைப்படையைக் கொரியாவிலிருந்து திரும்ப அழைப்பேன் என்பது கார்ட்டரின் தேர்தல் வாக்குறுதி. வியட்நாமுக்குப் பிறகு இன்னொரு ஆசியப் போரில் தானாகவே சிக்கிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பார்க் ஆண்ட விதம். 1972இல் யூஷின் அரசியல் சட்டம் கொண்டுவந்து அவர் தன்னை ஆயுள்கால ஆட்சியாளராக்கிக்கொண்டார். மியோங்டோங் தேவாலயத்தில் ஜனநாயகம் கேட்டு அறிக்கை வெளியிட்ட கிம் டே ஜுங் சிறையில் இருந்தார். சித்திரவதை செய்யும் ஓர் ஆட்சிக்கு அமெரிக்கப் பிள்ளைகள் காவல் நிற்க வேண்டுமா என்று கார்ட்டர் கேட்டதில் நியாயம் இருந்தது. இதை மறைத்துவிட்டுக் கூட்டணியின் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்டனையாகப் படையை விலக்கினால், அணுகுண்டை விட்டுக்கொடுத்த ஒரே ஆண்டில் குடையும் நகர்கிறது என்றுதான் சியோலுக்குத் தெரியும். 1977 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: நான்கைந்து ஆண்டில் தரைப்படை முழுவதும் வெளியேறும். மே மாதம், சியோலில் இருந்த மேஜர் ஜெனரல் ஜான் சிங்லாப், இது போரில் முடியும் என்று பத்திரிகையிடம் சொன்னார். அவரைத் திரும்ப அழைத்துப் பதவியிலிருந்து எடுத்தார்கள்.

இந்த நெருக்கடியில்தான் இன்றைய கூட்டணியின் முதுகெலும்பு உருவானது. படை போவதற்கு ஈடாக என்ன தருவது என்று இரு தரப்பும் பேசியபோது பிறந்தது கூட்டுப்படைத் தலைமையகம். 1978 நவம்பர் 7, சியோலின் யோங்சான் முகாம். அதுவரை கொரிய ராணுவத்தின் போர்க் கட்டுப்பாடு, 1950 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி சிங்மன் ரீ மெக்ஆர்தரிடம் ஒப்படைத்தபடி, ஐ.நா. படைத் தளபதியிடம் இருந்தது. அதாவது ஓர் அமெரிக்கரிடம், அவர் வழியாக வாஷிங்டனிடம். புதிய ஏற்பாட்டில் தளபதி நான்கு நட்சத்திர அமெரிக்க ஜெனரல், துணைத் தளபதி நான்கு நட்சத்திரக் கொரிய ஜெனரல். ஒவ்வொரு பிரிவிலும் அமெரிக்கர் தலைவர் என்றால் கொரியர் துணை, கொரியர் தலைவர் என்றால் அமெரிக்கர் துணை. உத்தரவு இரு தலைநகரங்களிலிருந்தும் சேர்ந்து வர வேண்டும். முதல் தளபதி ஜான் வெஸ்ஸி. அந்த ஆண்டுப் பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்ட அறிக்கையில்தான் 'அணுக்குடை' என்ற சொல் முதன்முதலாக எழுத்தில் ஏறியது.

அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் வேலை செய்கிறவர்களிடம் ரகசியம் தங்காது. வடக்கு எங்கே நகர்கிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நாளைக்கு வருவாயா என்று ஒருவர் மற்றவரைக் கேட்க வேண்டிய அவசியம் குறைகிறது. இருவரும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் தன் மக்களையே சுட்டபோது, அந்தக் கூட்டுத் தலைமையில் இருந்த அமெரிக்கா ஏன் தடுக்கவில்லை என்று கொரியர்கள் கேட்டார்கள். அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை.

பார்க்கும் முழுதாக நம்பிவிடவில்லை. தலைமையகம் திறப்பதற்கு ஆறு வாரம் முன்னால், செப்டம்பர் 26இல், 'பேக்கொம்' என்ற சொந்த ஏவுகணையை அவர் பறக்கவிட்டிருந்தார்.

1979 ஜூன் இறுதியில் கார்ட்டர் தென்கொரியாவுக்கு வந்தார். முதல் இரவு இரண்டாம் டிவிஷன் முகாமிலேயே தங்கினார். அடுத்த நாள் நீல மாளிகையில் பேச்சு. படை விலகலைப் பற்றி எதுவும் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், பார்க் முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கார்ட்டரின் தாடை இறுகியது. இவர் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு சிப்பாய் பாக்கியில்லாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று ஒரு சீட்டு எழுதித் தன் அமைச்சர்களிடம் தள்ளினார். பேச்சு முடிந்து தூதர் இல்லத்து வாசலில் கார் நின்றது. யாரும் இறங்கவில்லை. பின்னால் வந்த வண்டிகளும் காத்து நின்றன. காருக்குள் கோபத்தில் இருந்த ஜனாதிபதியோடு தூதர் வில்லியம் கிளைஸ்டீன் வாதாடிக்கொண்டிருந்தார். வெளியுறவு அமைச்சர் வான்ஸும் பாதுகாப்பு அமைச்சர் பிரவுனும் தூதர் பக்கம் பேசினார்கள். வடக்கின் ராணுவம் பழைய மதிப்பீட்டைவிட மிகப் பெரியது என்று புதிய உளவுக் கணக்கும் வந்திருந்தது.

ஜூலை 20இல் படை விலகல் நிறுத்திவைக்கப்பட்டது. சுமார் 3,000 பேர்தான் போயிருந்தார்கள். படை போவதற்கு ஈடாகப் பிறந்த கூட்டுத் தலைமை, படை போகாமலே நிலைத்துவிட்டது. தான் கேட்ட பதிலோடு பார்க் வாழ்ந்தது 98 நாள். அக்டோபர் 26 இரவு, விருந்து மேசையில், அவருடைய உளவுத் துறைத் தலைவர் கிம் ஜே கியூ அவரைச் சுட்டுக் கொன்றார்.

ஏறக்குறைய அதே காலத்தில், பியாங்யாங்குக்கு வடக்கே, குரியோங் ஆறு வளைந்து ஓடும் யோங்ப்யோனில், ஐந்து மெகாவாட் உலை ஒன்றுக்கு வேலை தொடங்கியிருந்தது. இயற்கை யுரேனியத்தில் எரிவது. வெளியார் உதவி தேவைப்படாதது. 1986இல் அது எரியத் தொடங்கியது. அடுத்த வாரம் அந்த ஆற்றங்கரைக்குப் போவோம்.